இன்ஸாஃப் வாய்விட்டுச் சொன்ன தொகை

இன்ஸாஃப் ஒரு மணி நேரத்தில், சுரைப்பிஞ்சு போன்ற கூசாக்காயை ஆறு கிலோ குடைவாள். நைல் கரை இம்பாபா சந்தையில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்த வேகம் கிடையாது. காயின் தலையைச் சீவி, நீளமான குடைகத்தியை உள்ளே விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் சதை முழுதாக வெளியே வந்துவிடும். தோல் மட்டும் மெல்லிய குழலாய்க் கையில் நிற்கும். வீட்டுக்குப் போய் அரிசியும் கறியும் திணித்து அடுப்பில் ஏற்றினால் போதும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? வெள்ளிக்கிழமை விருந்துக்கு வியாழக்கிழமையே இன்ஸாஃபிடம் வந்து நிற்பார்கள். கீரை ஆய்ந்து வைத்திருப்பாள். திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டி, விரல் விரலாய் அடுக்கி வைத்திருப்பாள்.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. இப்போது வலது கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை. போன மாதம் விரலைக் கத்தி கிழித்தது. ரத்தம் காயில் சொட்டியதைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

"இந்த வேலையை விட்டாத்தான் கை பிழைக்கும்," என்றார் டாக்டர்.

"வேலையை விட்டா நாங்க எப்படி டாக்டர் பிழைக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

உடன் போயிருந்த மகள் ஹதீர் சிரிக்கவில்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் படிப்பை அந்த வருடம்தான் முடித்திருந்தாள். ஆஸ்பத்திரிப் படியிலேயே அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் முதல் சம்பளம் வர்ற அன்னிக்கு அந்தக் கத்தியை நைல்ல தூக்கிப் போடுறேன் பாரு."

"நல்ல கத்திடி. யாருக்காவது கொடுக்கலாம்."

இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். வாடகை, மருந்து, சாப்பாடு, ஹதீர் வேலைக்குப் போய்வர வண்டிச்சத்தம். மாதம் பத்தாயிரம் பவுண்டுக்குக் கீழே வந்தால் அம்மா சந்தையில்தான் உட்கார வேண்டும். பதினாலாயிரம் வந்தால் எழுந்துவிடலாம். ஹதீருடன் படித்தவர்கள் இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். வேலை கிடைத்தவர்கள் பெயர் போடாமல் சம்பளத்தை மட்டும் எழுதி வைக்கும் பட்டியல். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை என்றது அது. ஆகவே பதினாலு பேராசை இல்லை. வெளியூர்க் கம்பெனிகளுக்கு நிரல் எழுதித் தரும் ஒரு கம்பெனிக்கு ஹதீர் விண்ணப்பம் போட்டாள். எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தில் 'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று எழுதினாள்.

"ஏன்டி, பதினாலுன்னு எழுத வேண்டியதுதானே?"

"யாரு முதல்ல தொகையைச் சொல்றாங்களோ அவங்க தோத்தாங்கம்மா. நாம அதிகமாச் சொன்னா கதவைச் சாத்திடுவாங்க. குறைச்சுச் சொன்னா அதையே கையில வெச்சுட்டு அனுப்பிடுவாங்க. அவங்க வாயால வரட்டும்."

"இது என்ன, ஆட்டுச் சந்தையா?"

"ஆட்டுச் சந்தையேதான். ஆடு நான்தான்."

அன்று முழுக்க ஒத்திகை நடந்தது. இன்ஸாஃப்தான் அதிகாரி. மடியில் காய்த்தட்டு, கையில் குடைகத்தி, முகத்தில் ஒரு மிடுக்கு.

"சொல்லும்மா, பொண்ணே. எவ்வளவு எதிர்பார்க்கிற?"

"இந்த வேலைக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க மேடம்?"

"ஒண்ணும் ஒதுக்கலை. போயிட்டு வா."

"அம்மா!"

"சரி சரி. உன் மனசுல ஒரு தொகை இருக்குமே, அதைச் சொல்லு."

"முதல்ல வேலை என்னன்னு முழுசாத் தெரிஞ்சுக்கறேன் மேடம்."

"அடி கள்ளி!" என்று இன்ஸாஃப் வாய்விட்டுச் சிரித்தாள். மகளின் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவை வெளியே காட்டாமல் சட்டென்று குனிந்து காயைக் குடைய ஆரம்பித்தாள். நல்லதைக் கண்டால் குனிந்துகொள்வது அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம்.

அதற்கு முன்பு அவள் அப்படி இல்லை. அவள் கணவன் சப்ரி அடுத்தவன் மைக்ரோபஸ்ஸை ஓட்டி ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கினான். வண்டி தெருவுக்குள் நுழைந்த அன்று இன்ஸாஃப் பால்கனியில் நின்று போட்ட குலவை மூன்று தெருவுக்குக் கேட்டது. குடம் குடமாய்ச் சிவப்புச் சர்பத் கரைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். நாற்பதாம் நாள், வெளிவட்டச் சாலையில், ஒரு லாரிக்கு அடியில் வண்டியும் போயிற்று, சப்ரியும் போனான். துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதில் சொன்னது இன்ஸாஃபின் காதிலும் விழுந்தது.

"அன்னிக்கு அவ குலவை போட்டப்பவே நெனச்சேன். அத்தனை கண்ணும் சும்மா விடுமா?"

அந்த ஒரு வரி அவள் வாயைத் தைத்துவிட்டது. அதன்பின் அந்த வீட்டுக்கு எந்த நல்லது வந்தாலும் அவள் அதைப் பாதியாக்கித்தான் வெளியே விட்டாள். புதிதாக வாங்கிய குளிர்பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி ஏற்றி, "செகண்ட் ஹேண்ட்தான், கதவு சரியா மூடாது," என்றாள். மேல்நிலைத் தேர்வில் ஹதீர் தொண்ணூற்று நாலு சதவீதம் வாங்கினாள். கேட்டவர்களிடம் எல்லாம், "ஏதோ பாஸாயிட்டா, கடவுள் புண்ணியம்," என்றாள். பதினெட்டு வயது மகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் குலவை கேட்டது. இவர்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தி உப்புச் சுற்றிப் போட்டார்கள்.

விண்ணப்பம் போட்டுப் பத்து நாள் கழிந்தது. அன்று வியாழக்கிழமை.

சந்தை முனையில் ஷாஹினாஸ் மேடத்தின் வெள்ளைக் கார் வந்து நின்றது. நாலு வருட வாடிக்கை. நல்ல மனுஷி, பேரம் பேச மாட்டாள். பெருநாளுக்கு ஹதீருக்குத் துணி எடுத்துக் கொடுப்பாள். பாலைவனச் சாலையோரத்தில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறாள் என்று இன்ஸாஃபுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று கேட்டதில்லை.

பைகளைக் காருக்குள் வைத்தபோது மேடம் கண்ணாடியை இறக்கி, ஊர் வழக்கப்படி அவளை 'ஹதீரின் அம்மா' என்று கூப்பிட்டாள்.

"உம்மு ஹதீர், உங்க பொண்ணு கம்ப்யூட்டர்தானே படிச்சா? ஹதீர் சப்ரின்னு ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருக்கு. இம்பாபா விலாசம் பார்த்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

இன்ஸாஃபுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவதான் மேடம்! என் பொண்ணுதான்!"

"நல்லாப் பண்ணியிருக்கா. அடுத்த வாரம் கூப்பிடறோம். சம்பளக் கட்டத்துல மட்டும் ஒண்ணும் எழுதலை. எவ்வளவு எதிர்பார்க்கிறா?"

அந்த நேரத்தில்தான் எலுமிச்சம்பழக் கூடையோடு உம்மு ஷவ்க்கி பக்கத்தில் வந்து நின்றாள். இன்ஸாஃபுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. நாக்கும் நீளம், காதும் நீளம். பழத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு கண்ணை இங்கேயே வைத்திருந்தாள். ஒரு பக்கம் அந்தக் கண். எதிரே காருக்குள் மையிட்ட இரண்டு பெரிய கண்கள். இன்ஸாஃபுக்கு லாரிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த வண்டி கண்முன் வந்தது.

"அவ என்ன மேடம் எதிர்பார்க்கப் போறா? சின்னப் புள்ள, ஒண்ணும் தெரியாது. ஏழாயிரம் கொடுத்தாலே எங்களுக்கு ஆகாயம் கிடைச்ச மாதிரி."

"ஏழா?" மேடத்தின் புருவம் உயர்ந்து இறங்கியது. "சரி, பார்க்கலாம்."

கார் போயிற்று. உம்மு ஷவ்க்கி உதட்டைப் பிதுக்கினாள். "அவ்வளவு படிச்சு ஏழாயிரமா? என் மவன் டுக்டுக் ஓட்டியே அதை எடுக்கிறான்."

"எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து," என்று சொல்லிவிட்டு இன்ஸாஃப் உட்கார்ந்தாள். ஆபத்து தாண்டிப் போய்விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். மகளிடம் இதைச் சொல்லவும் இல்லை. நடக்காத காரியத்தை வீட்டுக்குள்கூடப் பேசக் கூடாது என்பது அவள் பழக்கம்.

நேர்முகம் முடிந்து வந்த ஹதீரின் முகம் விளக்கு மாதிரி இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாளாம். "தொகையை நான் வாயே திறக்கலைம்மா. நாம ஒத்திகை பார்த்த மாதிரியே சமாளிச்சேன். கேள்வி கேட்ட மேடம் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரிச்சாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. வேலை உண்டு. வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் எட்டாயிரம்.

ஹதீர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "எட்டும்மா," என்றாள்.

இன்ஸாஃப் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். தன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். துணி காயும் கொடிகளுக்கு நடுவே நின்று ஷாஹினாஸ் மேடத்தைக் கூப்பிட்டாள்.

"மேடம், நான்தான் உம்மு ஹதீர். என் பொண்ணுக்கு எட்டுன்னு வந்திருக்கு..."

"ஆமா. நீங்க ஏழு சொன்னீங்க, நான் ஒண்ணு சேர்த்துப் போட்டேன். நன்றி சொல்லத்தானே கூப்பிட்டீங்க?"

"மேடம், கோவிச்சுக்காதீங்க. நான் சொன்னது பொய். அவ பதினாலு எதிர்பார்த்தா."

"பொய்யா? பதினாலு எதிர்பார்க்கிறவளுக்கு ஏழுன்னு யாராவது பொய் சொல்வாங்களா? எதுக்கு?"

இன்ஸாஃப் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "கண்ணு பட்டுடும்னு பயம் மேடம்."

மேடத்தின் குரல் மாறியது.

"யாரு கண்ணு?"

"அய்யோ, உங்களைச் சொல்லலை..."

"அங்க நானும் நீங்களும்தானே பேசிக்கிட்டிருந்தோம். நாலு வருஷமா உங்க கையால சாப்பிடறேன் உம்மு ஹதீர். உங்க பொண்ணை என் பொண்ணா நெனச்சேன். என் கண்ணு கொள்ளிக்கண்ணுன்னு நெனச்சுத்தான் அத்தனை நாளும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்களா?"

"கடவுள் சத்தியமா இல்ல மேடம். எலுமிச்சம்பழக்காரி நின்னுட்டிருந்தா..."

"எட்டுக்கு ஒப்புதல் வாங்கியாச்சு. மாத்த முடியாது. வேணும்னா வரட்டும், வேண்டாம்னா விடட்டும்."

போன் அணைந்தது. இன்ஸாஃப் ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி இறங்கி வந்தாள். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை பிற்பகல் ஹதீரின் போன் அடித்தது. மர்வான். கல்லூரியில் கூடப் படித்தவன். அவனுடைய கடைசி வருட வேலையில் பாதியைச் செய்து கொடுத்தவளே ஹதீர்தான். அவனுக்கும் அதே கம்பெனியில், அதே வேலை.

"அடேய், வாழ்த்துக்கள்!" என்றாள் ஹதீர். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். "பதிமூணா? ... ம். ... எனக்கா? எனக்கும் அதே மாதிரிதான். ... சரி, அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். தன் முகத்தையே வேறு யாரையோ பார்ப்பது போல் பார்த்தாள்.

"அம்மா, என் இங்கிலீஷ் மோசமா?"

"ஏன்டி?"

"அவனை விட நான் எந்த விதத்துல குறைச்சல்? ஒருவேளை இம்பாபான்னு சொன்னதாலயா? இல்ல, இந்த ஷூவைப் பார்த்திருப்பாங்க. ஓரத்துல பிஞ்சிருந்துச்சு. மேஜைக்கு அடியில மறைச்சுத்தான் வெச்சிருந்தேன்." அவள் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. "நீ சொல்றதுதான் சரிம்மா. சின்ன வயசுலேருந்து சொல்லுவியே, ஏதோ பாஸாயிட்டா, ஏதோ படிக்கிறான்னு. நான்தான் என்னைப் பெருசா நெனச்சுட்டேன். நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

இன்ஸாஃபுக்கு நெஞ்சைக் கத்தியால் குடைந்து சதையை வெளியே எடுத்தது போல் இருந்தது. மகளின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ குறைச்சல் இல்லடி. நான்தான் குறைச்சுச் சொன்னேன். உன்னை விலை பேசினவ நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக் கார், எலுமிச்சம்பழக் கூடை, ஏழாயிரம், மொட்டை மாடியில் பேசியது. ஒன்றையும் மறைக்கவில்லை. ஹதீர் அசையாமல் கேட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் கத்தவில்லை.

"அன்னிக்கு முழுக்க என்கூட உட்கார்ந்து ஒத்திகை பார்த்தியேம்மா. யாரு முதல்ல சொல்றாங்களோ அவங்க தோத்தாங்கன்னு உன்கிட்டத்தானே சொன்னேன்?"

"புத்தி கெட்டுப் போச்சுடி. உங்கப்பா..."

"அப்பா லாரியில அடிபட்டுச் செத்தார்!" இப்போது குரல் உடைந்தது. "யாரு கண்ணும் அவரைக் கொல்லலை. பன்னெண்டு வருஷமா என்னைப் போர்வையில சுத்தி வெச்சிருக்க, அந்தக் குளிர்பெட்டி மாதிரி. கதவு சரியா மூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு. ஒரே ஒரு தடவையாவது, ஒரே ஒரு ஆள்கிட்டயாவது, என் மார்க்கைச் சரியாச் சொல்லியிருக்கியா?"

ஹதீர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை காலை, ஹதீர் நேர்முகத்துக்குப் போட்ட அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஷூவின் ஓரத்தைப் பசை வைத்து ஒட்டியிருந்தாள்.

"நானும் வரேன். மேடம் கால்ல விழறேன்."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். நீ பேசினது போதும்."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் இன்ஸாஃப் அன்று சந்தைக்குப் போனாள். மூன்று காயைக் கிழித்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரே நாளில் மூன்று காய் கிழித்ததில்லை. மதியத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. வெள்ளைக் கார் வரும் நேரம் வந்தது. மேடத்துக்காகக் கட்டி வைத்த இரண்டு பைகளும் பக்கத்தில் இருந்தன. கார் வந்தது. சந்தை முனையில் வேகம் குறையாமல் அப்படியே கடந்து போயிற்று.

சற்று நேரத்தில் மைக்ரோபஸ்ஸிலிருந்து ஹதீர் இறங்கினாள். நேரே வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு தக்காளிப் பெட்டிமேல் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் தூசி. கண்ணில் அழுத தடம்.

"பதிமூணு கேட்டேன்," என்றாள். "மர்வானுக்குக் கொடுக்கிறதை எனக்கும் கொடுங்கன்னேன். உங்க வீட்டுலேயே ஏழுன்னு சொன்னாங்களேன்னாங்க. அது எங்கம்மா சொன்னது, நிரல் எழுதப் போறது நான்னு சொன்னேன். எட்டுக்கு மேல முடியாதாம். ஒத்துக்கலைன்னா இன்னும் நாப்பது விண்ணப்பம் இருக்காம்."

"கையெழுத்து?"

"போடலை."

இன்ஸாஃப் கண்ணை மூடிக்கொண்டாள். கை வலித்தது. அந்த வலியைச் சொல்ல அவளுக்கு இப்போது உரிமை இல்லை என்று பட்டது. "எட்டாவது கிடைச்சிருக்கும்டி. என்னால எல்லாமே போச்சு."

"எட்டு வாங்கினாலும் நீ இங்கதான் உட்கார்ந்திருப்ப. அதோட, எட்டுல நுழைஞ்சா ஒம்பதுக்கு வர ரெண்டு வருஷம் ஆகும்." ஹதீர் தட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வேற ரெண்டு இடத்துக்குப் போடறேன். கொடு, காயைக் கொடு."

அவள் குடைந்த முதல் காய் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. இரண்டாவதும்.

பார்த்துக்கொண்டே இருந்த உம்மு ஷவ்க்கியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எலுமிச்சையை விட்டுவிட்டு அருகில் வந்தாள்.

"என்ன இன்ஜினியரம்மா, ஆபீஸ் இங்கயே திறந்துட்டியா? வேலை என்ன ஆச்சு? அந்த ஏழாயிரமும் கொடுக்கலையாமா?"

ஹதீர் தலை நிமிரவில்லை. இன்ஸாஃபின் வாய் பழக்கத்தில் தானாகவே திறந்தது. 'எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்ல' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகளின் குனிந்த கழுத்தைப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கினாள்.

"எட்டாயிரம் கொடுத்தாங்க," என்றாள். "என் பொண்ணு வேண்டாம்னுட்டா. அவளுக்குப் பதினாலு கொடுக்கணும். அவ்வளவு படிச்சிருக்கா."

"பதினாலா!" உம்மு ஷவ்க்கியின் கண்கள் விரிந்தன. பக்கத்துக் கீரைக்காரியும் திரும்பினாள். கோழிக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். அத்தனை கண்களும் ஹதீர்மேல் விழுந்தன.

இன்ஸாஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மகளை இழுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. கையை மடியிலேயே அழுத்தி வைத்தாள்.

ஹதீர் நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து பார்க்காத அம்மாவின் முகத்தை இப்போதுதான் பார்த்தாள்.

"தொண்ணூத்தி நாலையும் சொல்லும்மா," என்றாள் மெதுவாக.

"என்ன தொண்ணூத்தி நாலு?" என்றாள் உம்மு ஷவ்க்கி.

இன்ஸாஃபுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "மேல்நிலைப் பரீட்சையில இவ வாங்கின மார்க்கு."

"அது எப்பவோ அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இல்ல? ஏதோ பாஸாயிட்டான்னுதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்," என்றாள் இன்ஸாஃப். "தொண்ணூத்தி நாலு."

உம்மு ஷவ்க்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கூடையிலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை அள்ளி ஹதீரின் மடியில் போட்டாள். "மாஷா அல்லாஹ், கண்ணு படாம இருக்கட்டும். கொள்ளிக்கண்ணியைப் பார்க்கிற மாதிரி பார்க்காதே என்னை. நானும் பெத்தவதான்," என்று முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள்.

ஓட்டை விழுந்த காய்களை இன்ஸாஃப் தனியே ஒதுக்கினாள். அவை விற்காது. மேடம் வாங்காத இரண்டு பைகளும் இருந்தன. உணர்ச்சியற்ற கட்டைவிரலால் மகளின் கையைப் பிடித்து, கத்தியை எந்தச் சாய்வில் விட வேண்டும் என்று காட்டினாள். ஹதீர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஐந்து கிலோ மிச்சம் இருந்தது.